சீக்கிரம் வருவது குற்றம்

மனிதர்களை வேகமாக ஓடவைப்பதற்காக "ஓடாதே" என்று கத்தும் ஒரே பயிற்சியாளர், இந்தப் பூமியில் எங்கள் கார்டுதான். அவருடைய நிஜப் பெயர் பொன்மலை ரயில்வே காலனியில் யாருக்கும் தெரியாது. பாசஞ்சர் ரயிலின் கடைசிப் பெட்டியில் முப்பது வருடம் கொடி பிடித்து ஓய்வு பெற்றவர். ரயில் போய்விட்டது, இரண்டு கொடிகளும் விசிலும் அவரோடு வீட்டுக்கு வந்துவிட்டன. எந்த விதியின்கீழ் வந்தன என்று நான் கேட்கவில்லை. அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தவனுக்கு எதைக் கேட்கக் கூடாது என்றும் தெரியும்.

செவ்வாய்தோறும் காலையில் நாங்கள் ஆறு பேர் மைதானத்தில் கூடுவோம். நெடுந்தூரப் பந்தயத்துக்கான வேகப் பயிற்சி. இரண்டு சுற்று, நாலரை நிமிடத்தில். பிறகு இரண்டு நிமிடம் நடை. இப்படி ஆறு தடவை. கேட்பதற்கு எளிது. முதல் தடவையைப் போலீஸ் துரத்துவதுபோல் ஓடுவோம். ஆறாவது தடவை, உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வரும் ஓய்வூதியர்களைப்போல் வந்து சேர்வோம்.

கார்டுக்கு இது பொறுக்காது. அவர் சட்டப்படி முதல் தடவையும் ஆறாவது தடவையும் ஒரே நேரம் காட்ட வேண்டும். தாமதமாக வந்தால் மன்னிப்பு உண்டு. சீக்கிரம் வந்தால் கிடையாது. முடிவுக் கோட்டுக்கு இருபதடி முன்னால் ஒரு வேப்பமரம். ஸ்டேஷனுக்கு வெளியே வண்டியைக் காக்கவைக்கும் சிக்னலின் நினைவாக அதற்கு 'அவுட்டர்' என்று பெயர் வைத்திருந்தார். முன்கூட்டி வந்தவர் மரத்தடியில் நிற்க வேண்டும். நாலரை நிமிடம் ஆகி விசில் ஊதினால்தான் உள்ளே வரலாம். அந்தத் தடவை கணக்கிலும் சேராது.

அவுட்டரில் அதிகம் நின்றவர் மெர்சி டீச்சர்.

"ஏன் நிக்கிறீங்க, தெரியுதுங்களா டீச்சர்?"

"வேகமா ஓடுனதுக்கு, கார்டு சார்."

"வேகம் இல்லீங்க, அவசரம். பிளாட்பாரம் காலியாகாம நீங்க பாட்டுக்கு உள்ள வந்தா?"

"இங்க ஏதுங்க பிளாட்பாரம்? ஒரு நாய்தான் படுத்திருக்கு."

"அது ரைட் டைமுக்கு எந்திரிச்சிடும். நீங்க நில்லுங்க."

மெர்சி டீச்சர் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறவர். பத்து கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துக்குள் ஓடிக் காட்டுவேன் என்று வகுப்பில் வாயை விட்டுவிட்டார். இரண்டு வருடம், இரண்டு பந்தயம். இரண்டிலும் பாதி தூரம் பறந்தார். மீதியை இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார். காலமும் தூரமும் பாடம் எடுக்கும்போதெல்லாம், "மிஸ், உங்க வேகத்தையே கணக்காப் போடலாமா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்களாம்.

"இந்த வருஷமும் ஒரு மணியைத் தாண்டினா அந்தப் பாடத்தை வேற யார்கிட்டயாவது கொடுத்துடுவேன் சார்" என்றார் என்னிடம். விளையாட்டாகச் சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது.

மூன்றாவது பந்தயம் ஸ்ரீரங்கத்தில் தொடங்கி, காவிரிப் பாலம் தாண்டி நகருக்குள் போய்த் திரும்புவது. கார்டு பாலத்தின் தொடக்கத்தில், இரண்டாவது கிலோமீட்டரில், கொடிகளோடு நின்றார். டீச்சர் அங்கே பன்னிரண்டாவது நிமிடம் வர வேண்டும். பதினொன்று ஆவதற்குள் வந்துவிட்டார். கார்டு யோசிக்காமல் சிவப்புக் கொடியை நீட்டினார்.

இது வேறு ஊராக இருந்தால் டீச்சர் மட்டும் நின்றிருப்பார். இங்கே ஓடியவர்களில் பாதிப் பேர் ரயில்வே குடும்பம். சிவப்பைக் கண்டால் மூளையைக் கேட்காமலே கால் நின்றுவிடும். அவர்கள் நிற்க, பின்னால் வந்தவர்களும் காரணம் கேட்காமல் நின்றார்கள். பாலத்து முகப்பில் இருநூறு பேர், அரை டிராயரில், பரம அமைதியாக. நானும் போய்ச் சேர்ந்தேன். எனக்கு முன்னால் ஓடுகிறவர்களை நான் எட்டிப் பிடித்தது என் வாழ்நாளில் அந்த ஒருமுறைதான்.

"என்னங்க விஷயம்?"

"யாரோ மந்திரி வர்றாராம்."

"யோவ், உங்களுக்கெல்லாம் இல்லய்யா! டீச்சருக்கு மட்டும்!" என்று கார்டு தொண்டை கிழியக் கத்தினார். ஒருவரும் அசையவில்லை. கொடி இறங்கவில்லையே!

டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. "மானத்த வாங்காதீங்க கார்டு சார்! என் ஒரு மணி நேரம் ஓடிட்டிருக்கு!"

"அது ஓடட்டுங்க. நீங்க மூச்சு வாங்குங்க. இன்னும் நாப்பது செகண்டு."

பச்சைக் கொடி அசைந்தது, விசில் ஒலித்தது. இருநூறு பேரும் ஒரே வண்டிபோல் கிளம்பினோம். அதற்குப் பிறகு டீச்சர் பறக்கவில்லை. நகருக்குள் அவர் திரும்பி வரும்போது எதிரே பார்த்தேன். இடுப்பில் கை இல்லை. முடிவுக் கோட்டைத் தாண்டும்போது ஐம்பத்தொன்பது நிமிடமும் சில விநாடிகளும். வாயைப் பொத்திக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாராம். நான் வந்து சேர்வதற்குள் அழுகை முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

பந்தயம் நடத்தியவர்கள் கார்டிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்கள். வரைவு நான் தயாரித்தேன். வேடிக்கை பார்ப்பவர் கொடி காட்டக் கூடாது என்று பந்தய விதிகளில் எங்கும் இல்லை, நின்றவர்கள் தம் சொந்த விருப்பத்தின்பேரில் நின்றார்கள் என்று மூன்று பக்கம். ஓய்வுக்குப் பின் நான் எழுதியதில் அதுவே சிறந்தது. பதில் வரவில்லை.

டீச்சர் தன் மெடலைக் கொண்டுபோய்க் கார்டிடம் கொடுத்தார். "எனக்கெதுக்குங்க இது? நானா ஓடுனேன்?" என்று எரிந்து விழுந்தார் கார்டு.

அடுத்த செவ்வாய் வழக்கம்போல் விசிலோடு வந்து எங்களைத் திட்டத் தொடங்கினார். சட்டைக்குள், நெஞ்சுக்கு நேரே, வட்டமாக ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. நாங்கள் ஆறு பேரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே ஓடினோம்.