நிச்சயம் ராகவேந்திரன்

நிச்சயவாதி என்றோர் இனம் உண்டு, நீங்கள் பார்த்திருப்பீர்கள். மந்தைவெளி ரயிலடியில் நின்று வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, இன்றைக்கு மழை கிடையாது என்று அடித்துச் சொல்வார். தொப்பலாக நனைந்து வீடு திரும்பியதும், இதெல்லாம் மழையில் சேர்த்தியில்லை, வெறும் தூறல் என்பார். இவர்களால் உலகத்துக்குப் பெரிய கெடுதல் ஒன்றுமில்லை. கையில் ஒரு கருவி அகப்படாத வரைக்கும்.

டாக்டர் ராகவேந்திரன் கையில் அகப்பட்டது.

அடையாறில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் அவர் வேதியியல் பேராசிரியர். லேசரால் ஒரு பொருளைத் தட்டி, அதிலிருந்து கிளம்பும் மூலக்கூறுகளை எடைபோட்டுச் சொல்லும் இயந்திரம் அவர் பொறுப்பில் இருந்தது. பெரிய மூலக்கூறுகளால் தொல்லையில்லை. சின்னவற்றைப் பிடிப்பதுதான் பாடு: அவற்றைக் கிளப்பிவிட வழக்கமாகச் சேர்க்கும் அமிலப் பொடியும் கூடவே பறந்து, தீபாவளி நேரத்து ரங்கநாதன் தெருபோலத் திரையை அடைத்துக்கொள்ளும். ராகவேந்திரன் பொடியைத் தள்ளிவிட்டு, நானோ அளவுத் தங்கத் துகள்களைப் பரப்பினார். அவை லேசரின் சூட்டை வாங்கி, மூலக்கூறை உந்திவிட்டு, பெரும்பாலும் தாம் பேசாமல் இருந்துவிடும். மெய்யாகவே கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் இதைக் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரருக்கு விளக்குவார், ஆட்டோக்காரருக்கு விளக்குவார், ஒருமுறை ராங் நம்பர் போட்ட வேளச்சேரி ஆசாமிக்கும் விளக்கியிருக்கிறார். எங்கே தொடங்கினாலும் முடிவு ஒன்றே: "நானோ பொய் சொல்லாது. நிச்சயம்."

அப்படிப்பட்டவர் கண்ணில், திரையில் 156 என்ற எடையில் எழுந்த ஒரு சிகரம் பட்டது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களின் சிறுநீர் மாதிரியில் எல்லாம் ஓங்கி நின்றது. நல்ல உடம்புக்காரர்களிடம் மருந்துக்கும் இல்லை. நோயை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் மூலக்கூறு! சந்தேகம் வரவேண்டாமா? வரவில்லை. நோயாளிகளின் மாதிரிகளை மட்டும், முக்கியம் கருதி, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தாமே வெறுங்கையால் இயந்திரத்தின் தட்டில் வைத்ததும், மற்றவற்றை ஆய்வு மாணவி சாய்மா காலையிலேயே கையுறையோடு வைத்ததும் அவருக்குப் பொருட்டாகப் படவில்லை. கையுறை போட்டால் விரலுக்கு உணர்ச்சி போய்விடுமாம்.

கட்டுரை எழுதத் தொடங்கினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். மனைவி ஜானுவின் தம்பி அம்பி, ஞாயிற்றுக்கிழமை டிபனுக்கு வந்த இடத்தில், இடுப்பு லேசாக வலிக்கிறது என்று வாயை விட்டுவிட்டார். மறுநாளே ஒரு குப்பி சிறுநீர் அடையாறு போயிற்று. சாயங்காலம் போன்.

"அம்பி, பதறாதே. நூத்தியம்பத்தாறு நிக்கறது."

"அப்படின்னா என்ன அத்திம்பேர்?"

"கிட்னி. ஆரம்பம்தான். ஆனா நிச்சயம்."

அம்பி ஊறுகாயை விட்டார், அப்பளத்தை விட்டார், உப்பில்லாத ரசத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். டாக்டரிடம் போய் ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் ஒரு குறையும் இல்லை என்று வந்தது. ராகவேந்திரன் சிரித்தார். "அவா அடுத்த வருஷம் கண்டுபிடிப்பா. நான் இப்பவே கண்டுபிடிச்சுட்டேன்." அம்பிக்குத் தூக்கம் போயிற்று. பள்ளிக்கூடம் போகும் மகள் வர்ஷினியைப் பார்க்கும்போதெல்லாம் கண் கலங்கிற்று.

"அவன் மூஞ்சியைப் பாக்க சகிக்கலை," என்றாள் ஜானு. "உங்க மெஷினுக்கு என் தம்பிதான் கெடைச்சானா?"

கட்டுரையில் சாய்மாவின் பெயரும் இருந்தது. அவளுடைய ஆய்வேடே அந்தச் சிகரத்தின் மேல்தான் நின்றது. அதனால் அவளுக்குப் பயம்: அந்தச் சிகரம் பொய்யாகிவிட்டால்? தட்டில் தங்கத் துகளை மட்டும் பரப்பி ஓட்டினாள். 156 இல்லை. யோசித்தாள்.

"சார், நீங்களே ஒரு சொட்டு வெறும் தண்ணி வைங்களேன்."

"தண்ணில என்னம்மா இருக்கப்போறது?" வழக்கம்போல வெறுங்கையால் வைத்தார். திரையில் 156 விறைப்பாக எழுந்து நின்றது.

தண்ணீருக்கும் கிட்னி கெட்டுவிட்டதா என்று அவள் கேட்கவில்லை; நல்ல பெண். "சார், சாப்ட்டதும் சீவல் போடுவீங்கல்ல?" என்றாள்.

பாக்கில் உள்ள அரெகோலின் என்ற ரசாயனம் இந்த இயந்திரத்தில் ஏறினால் அந்த இடத்தில்தான் வந்து நிற்கும். ராகவேந்திரன் தம் விரல்நுனிகளைப் பார்த்தார். நானோ பொய் சொல்லவில்லை. யாரைப் பற்றிச் சொல்கிறது என்றுதான் அவர் கேட்கவில்லை. தட்டு சரியில்லை என்றார், ஏ.சி. சரியில்லை என்றார், பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கட்டுரை போனதைவிட, அம்பி விழுங்கிய உப்பில்லாத அந்த ரசம்தான் உறுத்தியது.

"போன்லயே சொல்லிடலாமே சார்?"

"இல்லைம்மா. பயமுறுத்தறதுக்குத்தான் போன். இதுக்கு நேர்ல போகணும்."

மந்தைவெளி வீட்டில் கதவைத் திறந்த அம்பியின் முகம் வெளுத்தது. நேரிலேயே வந்திருக்கிறார் என்றால்?

"அம்பி, உனக்கு ஒண்ணுமே இல்லை. அது நான் போட்ட சீவல். என்னை மன்னிச்சுடுடா."

அம்பி முதலில் சிரித்தார், பிறகு அழுதார், பிறகு மாவடு ஜாடியை எடுத்துவரச் சொல்லி உள்ளே பார்த்துக் கத்தினார். இரண்டு மாவடு உள்ளே போனதும் தெம்பு வந்தது. "அப்ப இந்த இடுப்பு வலி எதனால அத்திம்பேர்?"

ராகவேந்திரன் "தெரியலைடா" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. செருப்பை மாட்டும் வரை தாக்குப்பிடித்தார். "நீ நாளெல்லாம் உக்கார்ற அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிதான். நிச்சயம்."

சாய்மாவுக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது: கைபட்ட அழுக்கு இத்தகைய கூரிய கருவிகளை எப்படி ஏமாற்றும் என்பதையே ஆய்வேடாக எழுதினாள்.

இதைப் படிக்கும்போதே உங்களுக்குத் தெரிந்த முகம் ஒன்று நினைவுக்கு வந்திருக்குமே? எதிர் வீட்டுக்காரர், மேலதிகாரி, சம்பந்தி? அவரேதான், சந்தேகமே இல்லை என்று தொடையைக்கூடத் தட்டியிருப்பீர்கள்.

சந்தேகமே இல்லையா?