நீலப்பூத் தட்டுக்கு ஒரு விடுதலைப் போர்

நீதி கேட்கும் நெஞ்சுடையோரே, வாருங்கள்! இந்தச் சமையலறையை எட்டிப் பாருங்கள். கண்ணாடி அலமாரிக்குள் இங்கிலாந்துப் பீங்கான் தட்டுகள், வெள்ளை உடலில் நீலப்பூ படர, அரசிகளைப்போல் சாய்ந்து நிற்கின்றன. எதிரே, நெளிந்த எவர்சில்வர் தட்டோடு நிற்பவர் ஊர்ப் பூட்டையெல்லாம் பழுதுபார்க்கும் பூட்டுக்காரர். பழம்பொருள் கடைகளில் அலைந்து அவற்றைச் சேர்த்தவள் அவர் மனைவி. மணமான நாள்முதல் ஒரு வேளைகூட அவர் அவற்றில் உண்டதில்லை. கொடுமையிலும் கொடுமை, அந்த அலமாரிக்குப் பூட்டுச் செய்து கொடுத்தவரே அவர்தான்!

"ஒரே ஒரு நாள் அதுல சாப்பிடுறேனே?" என்று கெஞ்சினால், "அது பாக்குறதுக்குங்க, சாப்பிடுறதுக்கு இல்ல" என்பாள். அவர் கொடுத்த இரண்டு சாவிகளில் ஒன்று தொலைந்துபோனதாம். மற்றொன்று அவள் இடுப்பைவிட்டு இறங்குவதில்லை.

அன்று கடையில் வேலையில்லை. நண்பகலிலேயே வீடு திரும்பினார். மனைவியைக் காணோம்; புதிதாக ஒரு நீலப்பூக் கிண்ணம் வந்திருக்கிறதென்று கடைக்கு ஓடியிருந்தாள். புரட்சிக்கு இதைவிட நல்ல வேளை ஏது? வளைந்த கம்பி பூட்டுக்குள் நுழைந்தது, கதவு திறந்தது. முன்னால் நின்ற தட்டை எடுத்தார். அடியில் ஈரம்.

'நான் வேர்வை சிந்துகிறேன். இவள் இதுகளைக் குளிப்பாட்டுகிறாள்!' என்று குமுறினார்.

விடுதலை ஒரு கவளத்துக்கு மேல் நீடிக்கவில்லை. பூவை ரசிக்கத் தட்டைத் தூக்கினார்; வழுக்கி விழுந்து இரண்டாய்ப் பிளந்தது.

பசை தேடி ஒட்டினார். பூ ஒரு பக்கமும் காம்பு ஒரு பக்கமுமாக விலகி நின்றன. உள்ளே வைத்து, அதை மறைக்கப் பெரிய தட்டை நகர்த்தினார்; முழங்கை பட்டுத் தேநீர்க் கூஜாவின் மூக்கு போயிற்று. மூக்கைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கதவைச் சாத்தினார். கை வரவில்லை. பசை!

வாசலில் மனைவியின் செருப்புச் சத்தம்.

"என்னங்க, அலமாரியைக் கட்டிப்பிடிச்சிட்டு நிக்கிறீங்க?"

"பூட்டு கொஞ்சம் தளந்திருந்துச்சு. சரி பண்றேன்."

"கையை எடுத்துட்டுப் பேசுங்க."

"அதுதான் முடியல."

அவள் உள்ளே பார்த்தாள். காம்பிழந்த பூவைக் கண்டாள். திட்டவில்லை, வெந்நீர் கொண்டுவந்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள்.

"இந்தக் கைக்குப் பயந்துதாங்க பூட்டியே வச்சேன்" என்றாள், சிரிப்பை அடக்கியபடி.

கை விடுபட்டதும் பூட்டுக்காரரின் நாவும் விடுபட்டது. "பூட்டி வச்சு யாருக்கு என்ன லாபம்? இந்த வீட்டுல ஒரு மனுஷனாவது இதுல சாப்பிட்டிருப்பானா? சொல்லு!"

அவள் வாசலையே கலவரத்தோடு பார்த்தாள்.

அங்கே, கூடவே குடியிருக்கும் அவள் தம்பி, பசியோடு உள்ளே நுழைந்துகொண்டிருந்தான். வந்த வேகத்தில் சட்டைப்பையிலிருந்து அந்தத் தொலைந்துபோன சாவியை எடுத்தான்.

"கொஞ்சம் தள்ளுங்க மாமா... ஏக்கா, காலையில சாப்பிட்டுக் கழுவி முன்னாடி வச்சேனே, என் தட்டு எங்க?"

நெளிந்த தட்டில் உண்ணும் பெருமக்களே, விழித்தெழுங்கள்! இன்றே உங்கள் வீட்டு அலமாரியைத் திறக்கச் சொல்லுங்கள். அழகைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒவ்வொரு தட்டின் அடியையும் தொட்டுப் பாருங்கள், ஈரம் இருக்கிறதா என்று!