பால்பாண்டியின் நீல ஓரத்து அட்டை

திருவனந்தபுரம்,
புதன்கிழமை.

மையும் காகிதமும் ஒருநாளும் குறையாத அச்சகத்தின் உரிமையாளரும், பரலோகம் போய்ச் சேர்ந்த என் மனைவி ஜெபமலரின் உடன்பிறந்த அண்ணனுமாகிய செல்வமணி மச்சான் அவர்களுக்கு, தம்பானூர் சின்னச் சபையின் ஊழியன் இசக்கி ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது. இங்கு நான் சுகம் என்று எழுதினால் அதுவே இந்தக் கடிதத்தின் முதல் பொய்யாகிவிடும். நாகர்கோவிலில் நீங்கள் அனைவரும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன்.

எழுதுகிற கை நீலகண்டன் சாருடையது. கோட்டைக்குள் குடியிருக்கும் தமிழ் ஐயர், சர்க்கார் ஆபீசில் முப்பது வருடம் கோப்பு எழுதியவர், தினமும் கோயிலுக்குப் போகிறவர். என் சபையாருக்குத் தெரியக்கூடாத விஷயத்தை எழுத, வேறு சாமி கும்பிடுகிறவர்தான் தோது. போனில் சொல்லலாம்தான். ஆனால் உங்கள் இயந்திரச் சத்தத்தில் நான் சொல்வதை நீங்கள் ஒவ்வொன்றாக உரக்கத் திருப்பிச் சொல்வீர்கள், பக்கத்துக் கடைக்காரன் வரைக்கும் கேட்டுவிடும்.

எனக்கு எழுத்து தெரியாது என்பது உங்களுக்கும் ஜெபமலருக்கும் ஆண்டவருக்கும், இப்போது சாருக்கும் மட்டும் தெரிந்தது. வேதம் முழுவதையும் அவள் முப்பத்தொரு வருடம் வாசித்தாள், நான் காதால் வாங்கி வைத்திருக்கிறேன், ஒரு வரி சிந்தவில்லை. சபையில் இருபத்து மூன்று குடும்பம், எல்லாம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் வந்தவர்கள். பெரியவர்கள் பள்ளிக்கூடம் போகவில்லை, பிள்ளைகள் போனது மலையாளப் பள்ளிக்கூடம். ஆக, தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் பாஸ்டர் ஒருவர்தான் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த நம்பிக்கையின் மேல்தான் ஒவ்வொரு புத்தாண்டு ஆராதனையிலும் நீங்கள் ஆளுக்கொரு வேத வசனம் அச்சடித்து அனுப்பும் வாக்குத்தத்த அட்டைகளை விரித்து வைத்து ஆளுக்கொன்று எடுக்கச் சொல்கிறேன். அவர்கள் எடுத்து என்னிடம் நீட்டுவார்கள், ஜெபமலர் பக்கத்தில் நின்று என் காதில் சொல்லுவாள், நான் உரக்க வாசிப்பேன். அவள் போன பிறகு வந்த முதல் புத்தாண்டில் பூமாரி அட்டையை நீட்டி, "வாசியும் பாஸ்டரே" என்றாள். பார்த்தேன். கம்பி வளைக்கிற இடத்தில் சிதறிக் கிடக்கும் துண்டுக் கம்பிகள்போல் இருந்தது. பூமாரியின் முகத்தைப் பார்த்தேன். மகன் துபாயிலிருந்து எட்டு மாதமாகக் கூப்பிடவில்லை என்று அதில் எழுதியிருந்தது. தூரத்துக்குப் போன பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுவருவேன் என்கிற வாக்கு வாயில் வந்தது, சொல்லிவிட்டேன். இரண்டே வாரத்தில் மகன் கூப்பிட்டுவிட்டான். அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாம் மச்சான், பலித்துத் தொலைத்துவிட்டதே, என்ன செய்ய? அப்படியே நாலு வருடம் ஓடிவிட்டது. யாருக்கு எந்த வருடம் எதைச் சொன்னேன் என்பது இப்போதும் எனக்கு வரிசை தப்பாது. தப்பினால் மாட்டிக்கொள்வேன் அல்லவா.

இப்போது மாட்டிக்கொண்டேன். கொத்தனார் பால்பாண்டி, ஐம்பத்தெட்டு வயது, மனைவி இல்லை. ஜனவரியில் அட்டை எடுக்கும்போது அவன் இடது கை நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தது. பயப்படாதே, நான் கூட நிற்கிறேன், கீழே விழ விடமாட்டேன் என்கிற வாக்கை வாசித்தேன், அதாவது வாசிக்காமல் சொன்னேன். அடுத்த மாதமே நெஞ்சில் அடைப்பு, உடனே ஆபரேஷன் வேண்டும் என்றார்கள். மூன்று மாதம் மாட்டேன் என்று முரண்டு பிடித்தவன், போன ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்றான். "பாஸ்டரு வாசிச்ச அட்ட சட்டப்பையில இருக்கு, டாக்டரு வெட்டட்டும். வார புதன் கழிஞ்சு அடுத்த புதன்கெழம போறேன்" என்றான். சபை அல்லேலூயா சொன்னது, நானும் சொன்னேன். பால்பாண்டி அதோடு உட்கார்ந்திருக்கலாம். "சனிக்கெழம எம் மவன் மகாராஜா பாளையங்கோட்டையில இருந்து வாறான். அத்த வீட்டுல வளந்தவன், தமிழ் வாத்தியாருல்லா! ஞாயித்துக்கெழம இந்த அட்டய அவன் சபைக்கு முன்னால வாசிக்கட்டும். அவன் வாயால ஒருக்கா கேட்டுட்டுப் போறேன்" என்று முடித்தான்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஜெபத்தில் வைக்க வேண்டும் என்று அட்டையை வாங்கிக்கொண்டு நீலகண்டன் சாரிடம் ஓடினேன். சார் கண்ணாடி போட்டார், வாசித்தார், சிரித்த சிரிப்பில் அவர் மனைவி சூடாமணி மாமி அடுக்களையிலிருந்து வந்துவிட்டார்கள்.

"ஓய் பாஸ்டர், பிள்ளை பெறாத மலடி வீடு நிறையப் பிள்ளைகளைப் பெத்துச் சந்தோஷப்படுவாள்னு போட்டிருக்கு. உம்ம கொத்தனாரை எந்த வார்டுல சேர்க்கணும்னு முதல்ல தீர்மானம் பண்ணும்."

"அவர் முகமே செத்துப் போயிருக்கு, சிரிக்கறேளே" என்று மாமி எனக்குக் காபி தந்தார்கள். காபியும் இறங்கவில்லை.

மச்சான், இதை மகாராஜா வாசித்தால் பால்பாண்டி ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டான். போகாவிட்டால் ஓணம் பார்க்கமாட்டான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆகையால் அதே அளவில், அதே நீல ஓரமும் புறாவும் போட்டு, நான் சொன்ன வாக்கை அச்சடித்து, வெள்ளிக்கிழமைக்குள் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்து அனுப்புங்கள். வலது மூலை கொஞ்சம் மடங்கியிருக்கட்டும், சிமெண்டு கறையை நான் இங்கே பார்த்துக்கொள்கிறேன். இது பொய்யா என்று சாரிடம் கேட்டேன். "எங்க ஆபீஸ்ல இதுக்குத் திருத்தம்னு பேர்" என்கிறார். எனக்குச் சமாதானமில்லை. சபைக்குக் கீழே டயர் கடைக்காரன் ஜெப நேரத்தில் சம்மட்டி அடிக்கிறான், கீபோர்டு விஜய்குமார் தமிழ்ப் பாட்டை மலையாள ராகத்தில் இழுக்கிறான், பூமாரியும் அவள் சம்பந்தியும் ஒரே பாயில் உட்காரமாட்டார்கள், இத்தனையும் தாங்குகிறேன், ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நான் ஜெபித்துவிட்டு எழும்போது "கஞ்சி குடிச்சிட்டுப் போங்க" என்று எவளாவது என் கையைப் பிடிக்கிறாளே, அதற்காகத் தாங்குகிறேன். அந்தக் கை இனி பிடிக்காது என்பதுதான் பயம்.

உங்கள் வீட்டு அக்காளுக்கு ஸ்தோத்திரம். பிள்ளைகள் ஒலிவக் கன்றுபோல் தழைக்கட்டும், உங்கள் இயந்திரத்துக்கு மின்வெட்டு நேராதிருக்கட்டும்.

இப்படிக்கு,
நடுங்கும் மைத்துனன் இசக்கி

பின்குறிப்பு: ஒட்டிய உறையைச் சார் மறுபடி பிரித்து இதையும் எழுதித் தருகிறார். கடிதத்தை நாகர்கோவில் பஸ்ஸில் கொடுத்துவிடத் தம்பானூர் ஸ்டாண்டுக்குப் போனேன். நயினார் டீக்கடை வாசலில் பால்பாண்டி.

"சாமி வீட்டுல அட்டய வாசிச்சாச்சா பாஸ்டரே?"

நான் கடிதத்தைச் சட்டைக்குள் செருகினேன்.

"நான் சனவரி ஒண்ணாந்தேதி சாயந்திரமே வாசிக்கச் சொல்லிக் கேட்டாச்சி. நம்ம நயினாருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும்லா. நாலு வருசமா அட்ட குடுத்த அன்னிக்கு சபையே இங்கதான் கூடுது. அட்ட என்ன சொல்லுது, பாஸ்டரு என்ன சொன்னாருன்னு வச்சுப் பாத்து ஒரே சிரிப்பு. நீரு அட்டகிட்ட ஒருக்காலும் தோத்ததில்லைன்னு சொல்லுதா பூமாரி அக்கா."

"பொறவு ஏன்டே எங்கிட்ட சொல்லல?"

"ஜெபமலர் அக்கா போனப்போ, இனி நீரு வாயே தொறக்கமாட்டீருன்னு பேடிச்சோம். தொறந்தீரு. அது போதும், மதின்னு விட்டாச்சி."

"மகாராஜா வாசிச்சா?"

"அவனுக்குப் போன் போட்டாச்சி. நீரு சொன்னத மனப்பாடம் பண்ணிட்டிருக்கான். ஓய், நெஞ்சு வலிக்கின்னு நான் யாருகிட்டயும் சொல்லல. நீருதான் மூஞ்சியப் பாத்துச் சொன்னீரு. அட்டயா பாத்துச்சு? அடுத்த புதன்கெழம ஆபரேஷன் ரூம் வாசல்ல நின்னு இன்னொருக்கா சொல்லும். கையில அட்ட வேண்டாம்."

ஆகவே மச்சான், அட்டை அச்சடிக்க வேண்டாம். அடுத்த வருடத்துக்கு எழுத்தே இல்லாமல் வெறும் ஓரமும் புறாவும் போட்டு அனுப்புங்கள் என்று சொல்ல நினைத்தேன். வேண்டாம், எழுத்தோடேயே அனுப்புங்கள். புத்தாண்டன்று சாயந்திரம் டீக்கடைக்கு நானும் போகிறேன், பால்பாண்டி எனக்கு இடம் போட்டு வைப்பதாகச் சொல்லியிருக்கிறான்.