மேசை மீட்புப் படலம்

வருகிற சனிக்கிழமைக்குள் என் சாப்பாட்டு மேசையை மீட்டே தீருவது என்று முடிவு கட்டினேன். இப்படியொரு முடிவை ஓர் ஆண்பிள்ளை எப்போது எடுப்பான்? தட்டையும் கிண்ணத்தையும் மடியில் வைத்துச் சாப்பிட்டு, சூடான சூப்பைத் தொடையில் கவிழ்த்துக்கொண்ட பிறகுதான்.

என் தொழில் லிஃப்ட் பழுது பார்ப்பது. ஊரிலுள்ள பெரிய மனிதர்களையெல்லாம் ஏற்றி இறக்குவது நான்தான். வீட்டில் என்னை ஏற இறங்கப் பார்ப்பது என் மனைவி.

அவளுக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. சீட்டுக்கட்டுச் சீட்டு அளவுக்கு அட்டை வெட்டி, அதில் படம் வரைவாள், துணி ஒட்டுவாள், நூலால் தைப்பாள். இதே கிறுக்குப் பிடித்த ஒரு கூட்டம் சனிக்கிழமைதோறும் நூலகத்து மாடியில் கூடும். உன் அட்டையை எனக்குக் கொடு, என் அட்டையை நீ எடுத்துக்கொள். விற்கக்கூடாது, வாங்கக்கூடாது, மாற்றிக்கொள்ளலாம். அவ்வளவுதான் சட்டம். அட்டை என்றால் ரத்தம் குடிக்கிற அட்டை இல்லை. ஆனாலும் அதைப்போலவே எங்கள் வீட்டில் ஒட்டிக்கொண்டது, உதறினால் விழவில்லை.

அட்டைதான் குட்டி. அதற்கு வேண்டிய சாமான் ஒரு லாரி. பசை, கத்தரிக்கோல், பாசிமணி, ரிப்பன், கிழித்த கவர், காய வைத்த இலை. ஆறு பேர் உட்காரும் மேசையில் ஒரு தம்ளர் வைக்க இடம் கிடையாது. ஒருநாள் என் சட்டையில் கழுத்துப் பட்டனைக் காணோம். தேடினால், ஓர் அட்டையில் நிலாவாக உதித்திருக்கிறது.

"ஏம்மா, இது என் பட்டன் இல்லையா?"

"இப்ப அது நிலா."

"நான் கழுத்தை மூட வேண்டாமா?"

"உங்களுக்குக் கழுத்து திறந்திருந்தாதாங்க எடுப்பா இருக்கு."

புகழ்ந்துவிட்டாள். அதற்கப்புறம் எந்த மனிதன் பட்டன் கேட்பான்?

ஆனால் சூப் வேறு விஷயம். தொடையில் களிம்பு தடவிக்கொண்டு பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரரிடம் போய் அழுதேன்.

"நேரா கேட்டுப் பாத்தீங்களா?" என்றார்.

"கேட்டேன். பசை காயட்டும்னா. ஆறு மாசமா காயுது."

"வீட்டுல கேட்டா வீட்டுச் சட்டம் சார். அவங்க கூட்டத்துல போய்க் கேளுங்க. அங்க என்ன சட்டம்?"

"மாத்திக்கலாம்."

"அவ்வளவுதான்! நீங்களும் ஒரு அட்டை செய்ங்க. எல்லார் முன்னாடியும் நீட்டுங்க. இதுக்குப் பதிலா சாப்பாட்டு மேசையைக் கொடுன்னு கேளுங்க. நாலு பேர் நடுவுல மாட்டேன்னு சொல்லிடுவாங்களா?"

அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். "சார், நீங்க மருந்து விக்க வேண்டிய ஆளே இல்ல!"

"என் சம்சாரமும் அதைத்தான் சொல்றா," என்றார் சோகமாக.

"இது நமக்குள்ளயே இருக்கட்டும்."

"என்ன சார் நீங்க, நான் என் சம்சாரத்தைத் தவிர யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்."

அந்த வாக்கியத்தை நான் இன்னும் கொஞ்சம் கவனமாகக் கேட்டிருக்க வேண்டும்.

மதிய இடைவேளைகளில் லிஃப்ட் அறையில் உட்கார்ந்து அட்டை செய்தேன். தெரிந்ததைத்தானே வரைய முடியும்? ஒரு லிஃப்ட் வரைந்து, செப்புக் கம்பியைக் கயிறாக ஒட்டி, உள்ளே ஒரு ஆளை நிறுத்தினேன். பீரோவுக்குள் மாட்டிக்கொண்ட திருடன் மாதிரி இருந்தான். இருக்கட்டும், அட்டை அட்டைதான்.

வீட்டில் அவளும் அந்த வாரம் முழுக்க எதையோ கையால் மறைத்து மறைத்துச் செய்துகொண்டிருந்தாள்.

"சனிக்கிழமை நானும் வரலாமா?" என்றேன்.

"வாங்களேன்," என்றாள், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

கூட்டத்துக்குத் தலைவி ஒரு பல் டாக்டர் அம்மா. பேசச் சொல்வதைக்கூட அவர் தொழில் முறையில்தான் சொல்வார். "புதுசா வந்திருக்கீங்க. வாயைத் திறங்க!"

திறந்தேன். லிஃப்ட் அட்டையை உயர்த்திப் பிடித்தேன். "இதுக்குப் பதிலா எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். என் மனைவிகிட்ட இருக்கற எங்க வீட்டுச் சாப்பாட்டு மேசை!"

என் மனைவி மெதுவாக எழுந்தாள்.

"நிச்சயமா அதுதான் வேணுமாங்க?"

"அதேதான்."

"அப்புறம் மனசு மாற மாட்டீங்களே?"

"நான் ஒரு தடவை சொன்னா சொன்னதுதான்!"

"டாக்டரம்மா, நீங்கதான் சாட்சி."

"மாத்தினது மாத்தினதுதான்," என்றார் டாக்டரம்மா. "பிடுங்கின பல்லை நான் திருப்பி வைக்கிறதில்ல."

என் மனைவி கைப்பையைத் திறந்தாள். ஓர் அட்டையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். அதில் எங்கள் சாப்பாட்டு மேசை. மரத்தின் ரேகைகூட அப்படியே இருந்தது. ஆறு நாற்காலி, வெள்ளை விரிப்பு, நகக்கண் அளவுக்கு ஒரு தட்டு. தலைப்பக்கத்து நாற்காலியில் ராஜா மாதிரி நான். கீழே எறும்பு எழுத்தில், 'எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை.'

கைதட்டல் கூரையைப் பிளந்தது. பின்வரிசையில் இருந்த பஸ் டிரைவர், "பேரைச் சொல்லிக் கேட்டு வாங்கறார் பாருங்க, இவர்தான் ரசிகர்!" என்று முதுகில் தட்டினார். நான் பல்லைக் காட்டினேன். பல் டாக்டர் எதிரில் வேறு எதைக் காட்டுவது?

என் மனைவி என் லிஃப்டை வாங்கி ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தாள். "நல்லா வந்திருக்குங்க. இவர் எப்ப வெளிய வருவார்?"

"இனிமே எங்க வரப்போறார்?" என்றேன்.

திரும்பி வரும்போது, "உனக்கு யார் சொன்னது?" என்று கேட்டேன்.

"மருந்துக்கடை அக்கா. பாவம், அவங்க வீட்டுக்காரர்கிட்ட சண்டைக்குப் போயிடாதீங்க."

"வாரம் பூரா உக்காந்து என்னை ஏமாத்தவா செஞ்ச?"

"ஏமாத்தறதுக்கு மேசை மட்டும் போதுமேங்க. உங்களையும் உக்கார வெச்சேன்ல? அந்த முகம் உங்க முகமா வர்ற வரைக்கும் எத்தனை கிழிச்சுப் போட்டேன் தெரியுமா?"

அட்டையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அதே மூக்கு, அதே முன்வழுக்கை. ஆனால் அந்த ஆள் சந்தோஷமாக இருந்தான். இதற்குமேல் எப்படிக் கோபப்படுவது? நடுத்தெருவில் நின்று, "ரொம்ப நல்லா இருக்கும்மா" என்று சொல்லித் தொலைத்தேன்.

அன்று ராத்திரியும் தட்டு மடியில்தான். மேசை மீட்பு என்ன ஆச்சு என்று மருந்துக்கடைக்காரர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்.

"ஜெயிச்சுட்டேன் சார். மேசை இப்ப என் சட்டைப்பையில இருக்கு."