அக்காவை அனுப்ப அவசரம் வேண்டாம்

அன்பு மைத்துனருக்கு,

வெந்நீர் மட்டும் வைக்கத் தெரிந்த ஒருவன் எவ்வளவு நலமாக இருக்க முடியுமோ, அவ்வளவு நலம். உங்கள் நலத்தை விசாரிக்கவில்லை. அக்கா அங்கே வந்திருக்கும்போது விசாரிப்பது நியாயமில்லை. போனில் பேசினால் அவள் பிடுங்கிக்கொள்வாள், அதனால்தான் கடிதம்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் லேசர் ஒளியைத் தலைமுடியைவிட மிக மிக மெல்லிய தங்க முனைக்குள் நுழைக்கிறோம். அது காந்தத் தகட்டில் ஒரு புள்ளியைச் சுட வைக்கும்; சுட்ட இடத்தில்தான் தகவல் பதியும். ஒளியில் பெரும்பங்கு வழியிலேயே காணாமல் போகிறது. "மிச்சமெல்லாம் எங்கேய்யா போகுது?" என்று மேலாளர் முறைப்பார், என்னமோ நான் பையில் போட்டுக்கொண்டு போகிற மாதிரி. வீட்டிலும் இதே பாட்டுதான்: "ஆபீஸ்ல வெளிச்சத்தை மிச்சம் பிடிக்கிற மனுஷனுக்கு பாத்ரூம் லைட்டை அணைக்கத் தெரியாதா?" அந்தச் சண்டையில்தான் அக்கா கிளம்பினாள். போகும்போது ஒரு குரல்செய்தி அனுப்பினாள். சோதனைக்கு இடைவெளியில்லாத ஒலி தேவைப்பட்டது. அந்தத் திட்டையே தகட்டில் பதிய விட்டேன். (சொல்லிவிடாதீர்கள்.) நேற்று லேசரை அணைத்த பிறகும் நுண்ணோக்கித் திரையில் தங்க முனை சிவந்தே இருந்தது. வயரைப் பிடுங்கினேன். அப்போதும் பதிந்துகொண்டே இருந்தது. போட்டுக் கேட்டால் அக்கா குரல், ஆனால் அவள் அனுப்பாத பேச்சு: "வந்துட்டேங்க... கதவைத் திறங்க." டெக்னீஷியன் உருகிவிட்டார். "சார், வீட்டம்மா எவ்வளவு அன்பா கூப்பிடுறாங்க!" "அதான்யா இடிக்குது" என்றேன்.

அதற்காக நான் பயந்து கெஞ்சுவதாக நினைக்க வேண்டாம். எனக்கும் ரோஷம் உண்டு. அக்கா நிதானமாக வரட்டும்.

சின்னவர்களுக்கு ஆசி, பெரியவர்களுக்கு வணக்கம். அக்காவுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. சரி, விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டும்போது வாசல் மணி அடித்தது. "வந்துட்டேங்க... கதவைத் திறங்க." திறந்தேன். அக்காதான். "இளைச்சுப் போயிட்டீங்களே" என்று தேநீர் போட்டுக் கொடுத்தாள். வந்து சேர்ந்துவிட்டாள் என்று சொல்ல உங்களுக்குப் போன் செய்தால், உங்கள் பின்னாலிருந்து அக்கா குரல், "யாரு, அந்த மனுஷனா? வைடா போனை!" நீங்களும் வைத்துவிட்டீர்கள். இங்கே எல்லா விளக்கும் எரிகிறது. இவள் திட்டவில்லை. "இன்னும் ஒண்ணு போடுங்களேன்" என்கிறாள். இந்த அறை விளக்கை அணைத்துப் பார்த்தேன். இருட்டில் அவள் விரல்நுனி சிவந்து ஒளிர்ந்தது. மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். அங்கே இருப்பவளை, திட்டினால் திட்டட்டும், அடுத்த வண்டியிலேயே ஏற்றிவிடுங்கள்.