நாகர்கோவிலுக்குப் போன வள்ளம்

கடலில் இறங்கும் ஒவ்வொரு மீன்பிடி வள்ளத்துக்கும் படம் போட்ட அடையாள அட்டை இருக்க வேண்டும் என்பது நியாயமான விஷயம். அதை யாரும் மறுக்க முடியாது. மறுத்தால் கடலில் இறங்க முடியாது.

இந்த அட்டையைக் கொடுப்பதற்காக இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் கடற்கலப் பதிவு அலுவலகம் நாகர்கோவிலில் திறக்கப்பட்டது. தக்கலையில் ஒரு கிளை, குளச்சலில் ஒரு கிளை. கடல் இல்லாத ஊரில் எதற்குத் தலைமையகம் என்று சிலர் கேட்டார்கள். கடற்காற்றில் ஃபைல் பிசுபிசுக்கும் என்று பதில் வந்தது.

அப்போது ஓப்பன் சோர்ஸ் என்பது பெரிய ஃபேஷன். அதற்கு முந்தின வருஷம் எல்லா அதிகாரிகளும் கழுத்தில் பட்டை கட்டி அட்டை தொங்கவிட்டார்கள்; இந்த வருஷம் ஓப்பன் சோர்ஸ் என்றார்கள். தலைமை அதிகாரி ஜஸ்டஸ், துக்க வீட்டுக்குப் போன இடத்தில்கூட ஓப்பன் சோர்ஸைப் பற்றித்தான் பேசினார்.

அட்டை அடிக்கும் மென்பொருள் இலவசமாகவே கிடைத்தது. ஆனால் தயாராகக் கிடைக்கவில்லை, மூல நிரலாக வந்தது. அதாவது சாம்பார் வரவில்லை. பருப்பும் காயும் புளியும் வந்தன. சமைத்துக்கொள்வது நம் பாடு. அதற்கு மூன்று படிகள். முதலாவது கான்ஃபிகர்: இந்தக் கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று மென்பொருள் தானே தேடிக் குறித்துக்கொள்ளும். இரண்டாவது மேக்: குறித்ததை வைத்துச் சமைக்கும். மூன்றாவது இன்ஸ்டால்: இலை போட்டு விளம்பும். அடுத்தடுத்து மூன்று கட்டளை தட்டினால் டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

டீ ஆறுவதற்குள் முடிகிற காரியத்தை ஒரு அலுவலகம் எப்படிப் பொறுத்துக்கொள்ளும்?

“பாக்கவும் சமைக்கவும் விளம்பவும் ஒரே ஆளா? நாளைக்கு தணிக்கை வந்தா நான் என்ன சொல்லுவேன்?” என்று ஜஸ்டஸ் பதறிப்போனார். எதிரே நின்றவன் ரிஜோ, ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிற கம்ப்யூட்டர்காரன்.

“ஆளு எத்தன வேணும்னாலும் இருக்கட்டும் சாரே. அடுக்கள ஒண்ணா இருக்கணும். நாகர்கோவில் அடுக்களையில தேங்கா இருக்குன்னு எழுதிட்டு, தக்கலை அடுக்களையில தொவையல் அரைக்க முடியுமா?”

“ரிஜோ, இது அரசு அலுவலகமாக்கும். ஓட்டல் இல்ல.”

மறுநாளே உத்தரவு வந்தது. ‘மேற்படி மென்பொருளின் உருவாக்கப் பணிகள், நிர்வாகத் தூய்மையை முன்னிட்டு மூன்றாகப் பிரிக்கப்படுகின்றன. கான்ஃபிகர் நாகர்கோவிலிலும், மேக் தக்கலையிலும், இன்ஸ்டால் குளச்சலிலும், ஒன்றன் நிழல் மற்றொன்றின் மேல் விழாதவாறு நடைபெற வேண்டும்.’

நாகர்கோவில் கம்ப்யூட்டரில் கேமரா இருந்தது. கான்ஃபிகர் அதைக் கண்டு, கேமரா உண்டு என்று குறித்துக்கொண்டது. குறிப்பு தக்கலைக்குப் போனது. அங்கே கண்காணிப்பாளர் சத்தியபாய் மேக் கட்டளையைத் தட்டினார். கேமராவுக்கான கோப்பைக் காணோம் என்று சொல்லிவிட்டு இயந்திரம் நின்றது.

சத்தியபாய் நாகர்கோவிலுக்கு எழுதினார். ‘இங்கே கேமரா நல்ல நிலையில் உள்ளது, தினமும் பார்க்கிறேன்’ என்று ஜஸ்டஸ் பதில் எழுதினார். அந்தப் பதில் போதாது என்றதும், கேமரா உள்ளது எனச் சான்றளித்து வட்ட முத்திரை குத்தி அனுப்பினார். சத்தியபாய் அதைப் பசை தடவி மானிட்டரின் நெற்றியில் ஒட்டிவிட்டு மறுபடியும் தட்டினார். இயந்திரம் மறுபடியும் அதையே சொன்னது. கெஸட்டட் அதிகாரியின் கையெழுத்துக்கு இவ்வளவுதான் மரியாதையா என்று அவருக்குக் கோபம் வந்தது.

இதற்கிடையில் குளச்சலில் மரியஜான் என்பவர் அட்டைக்காகக் காத்திருந்தார். புது வள்ளம். வீட்டுக்காரி வியாகுலம்மாளின் கழுத்துச் செயினும் அந்த வள்ளத்துக்குள்தான் போயிருந்தது. பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லி மந்திரித்தும் ஆயிற்று. கணவாய் மீன் சீசன் வாசலில் நிற்கிறது; அட்டை இல்லாமல் இறங்கினால் வள்ளத்தைப் பிடித்துக் கட்டிப்போடுவார்கள். அந்த ஒரு சீசன் போனால் வருஷமே போனது போலத்தான்.

“அட்ட எப்ப கிட்டும் சாரே?” என்று குளச்சல் கிளையில் கேட்டார்.

“விளம்ப நான் ரெடி. தக்கலையில இன்னும் சமைக்கல்ல.”

“எனக்குச் சோறு வேண்டாம் சாரே. அட்டதான் வேணும்.”

பலமுறை இதே பதில் கிடைத்தபின் புருஷனும் பெண்டாட்டியும் பஸ் ஏறி நாகர்கோவிலுக்கே போனார்கள். விஷயத்தை ரிஜோவிடம் கேட்டுக்கொண்டு பேசியது வியாகுலம்மாள். கடற்கரை ஏலத்தில் விலை கூவிப் பழகிய குரல்.

“ஏ சாரே! உங்க ஆர்டர் வாற வரைக்கும் கணவாய் கடல்ல காத்துட்டு நிக்குமா? ஒமக்குக் கேமரா இருக்கு, தக்கலையில இல்ல. அப்பம் இஞ்சயே வச்சு எல்லாத்தையும் செய்யவேண்டியதுதானே? இதுக்குப் படிக்கவும் வேணுமா?”

“அததான் நானும் சொன்னேன்” என்றான் ரிஜோ. “எல்லாப் படியும் ஒரே எடத்துல நடக்கணும்.”

ஜஸ்டஸ் இறங்கி வந்தார். தூய்மை கெடாமல் இருக்க மட்டும் ஏற்பாடு செய்தார். தக்கலையிலிருந்து சத்தியபாய் பயணப்படி வாங்கிக்கொண்டு வந்தார், குளச்சலிலிருந்து ஒருவர் வந்தார். ஒரே கம்ப்யூட்டர் முன்னால் மூன்று நாற்காலி. ஒருவர் தட்டும்போது மற்ற இருவரும் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்கள். டீ ஆறவில்லை. மென்பொருள் அழகாக ஓடியது. ரிஜோவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“இனி இந்தக் கம்ப்யூட்டரைக் குளச்சலுக்கு எடுத்துட்டுப் போயி வள்ளத்தப் படம் எடுப்போம் சாரே” என்றான்.

ஜஸ்டஸ் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். “கம்ப்யூட்டர் இருப்புப் பதிவேட்டுல ஏறியாச்சு. இந்தக் கட்டடத்த விட்டு அசையாது.”

“அப்பம் வள்ளத்துக்கு அங்கயே ஒரு போட்டோ எடுத்துக் கொண்டாறேன்.”

“போட்டோவப் பதிய இது போட்டோ பதிவு அலுவலகமா? வள்ளத்தப் பதியிற அலுவலகம்.”

“கடைசில என்னதான் செய்ய?”

“எல்லாப் படியும் ஒரே எடத்துல நடக்கணும்னு நீதானே சொன்ன? வள்ளத்தப் பதியிறதும் ஒரு படிதான். கம்ப்யூட்டர் அசையாது. வள்ளம் அசையும். அசையிறது அசையாததுகிட்ட வரட்டும்.”

இதை மறுத்தால் ரிஜோ தன் வாதத்தையே தான் மறுக்க வேண்டியிருந்தது.

மரியஜான் லாரி பிடித்தார். வேறு என்ன செய்வார்? “சவத்த, ஒரு தடவதானே” என்று மனதைத் தேற்றிக்கொண்டார். வள்ளம் லாரி மேலே ஏறி நெய்யூர், திங்கள்நகர் வழியாகப் புறப்பட்டது. கேபிள் ஒயர்களைக் கம்பால் தூக்கிப் பிடிக்க ஒருவர் வள்ளத்தின் முன்முனையான அணியத்தில் நின்றுகொண்டே வந்தார். பார்வதிபுரத்தில் பஸ்ஸில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

அலுவலக முற்றத்துக்கு வந்ததும் ஒரு சிக்கல். கேமரா ஜஸ்டஸின் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தது, வள்ளம் ஜன்னலுக்கு வெளியே நின்றது. திருப்புவது நகர்த்துவதில் சேருமா என்று விவாதித்தார்கள். சேராது என்று சத்தியபாய் தீர்ப்புச் சொன்னார். திருப்பினார்கள். அட்டையில் வள்ளத்தின் மூக்கும் ஜஸ்டஸின் இடது தோளும் தெளிவாக விழுந்திருந்தன.

மரியஜான் அட்டையை முத்தமிட்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நாம் அதிகாரிகளைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் மரியஜானின் வள்ளம் நாகர்கோவில் போய் வந்ததை ஊரே பார்த்துவிட்டது. அடுத்த வள்ளத்துக்கு வாழைக்குலை கட்டினார்கள். அதற்கடுத்த வள்ளம் பேண்டு வாத்தியத்தோடு போனது. நாகர்கோவில் போகாத வள்ளத்தை மாப்பிள்ளை வீட்டார் மதிப்பதில்லை என்ற நிலை வந்தது. வள்ளத்தை லாரியில் ஏற்றிக் கட்டுவதில் மரியஜானை விட்டால் ஆள் இல்லை என்பதால் எல்லோரும் அவரையே கூப்பிட்டார்கள். அவர் ஒரு லாரி வாங்கினார். பிறகு இன்னொன்று. அந்த வருஷத்துக் கணவாய் அவர் இல்லாமலே வந்துபோனது.

சில வருஷம் கழித்து மேலிடத்தில் யாருக்கோ புத்தி வந்தது. கம்ப்யூட்டரும் கேமராவும் குளச்சலுக்கே மாற்றப்படும், வள்ளங்கள் எங்கும் போக வேண்டாம் என்று அறிவித்தார்கள்.

குளச்சல் கொதித்தது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கண்டனக் கூட்டம். வள்ளம் ஏற்று லாரி உரிமையாளர் நலச்சங்கத் தலைவர் மரியஜான் மைக்கைப் பிடித்தார்.

“மக்கா, கேட்டுக்கிடுங்க! கம்ப்யூட்டரக் குளச்சலுக்குக் கொண்டுவந்தா நம்ம பொழப்பு என்னாவும்?”

லாரிக்காரர்கள், பேண்டுக்காரர்கள், வாழைக்குலை வியாபாரிகள் கைதட்டினார்கள். மனுவில் ஊரே கையெழுத்துப் போட்டது. அட்டைக்காக வரிசையில் நின்றவர்களும் போட்டார்கள், இவ்வளவு நாள் நின்றது வீணாகிவிடக் கூடாதே. ஒப்பந்தம் முடிந்து அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸும் ஜூஸும் விற்றுக்கொண்டிருந்த ரிஜோ, முதல் ஆளாகவே போட்டிருந்தான். உத்தரவு ரத்தானது.

மறுநாள் காலை வியாகுலம்மாள் பையோடு கடற்கரை ஏலத்துக்குப் போனாள். மணலில் கணவாய் மலைபோலக் குவிந்து கிடந்தது.

“வள்ளம் உள்ள வீட்டுக்காரி மீன் வாங்க வந்துருக்கா, பாத்தியா” என்று யாரோ சொன்னது அவள் காதில் விழுந்தது. விழாத மாதிரி ஒரு கணவாயை அமுக்கிப் பார்த்தாள். நல்ல கணவாய்.

“யாருக்க வள்ளத்துல பட்டது?” என்று ஏலக்காரர் சூசையிடம் கேட்டாள்.

“அட்ட இல்லாத வள்ளமாக்கும்” என்றார் சூசை.

“அட்ட இல்லாம எறங்குனா புடிக்கமாட்டாவளா?”

“புடிக்கிற சாருமாரு எல்லாம் நாகர்கோவில் முற்றத்துல லைன் சரி பண்ணிட்டு நிக்காவ. அட்ட எடுத்தவியளுக்கோ, லாரியும் பேண்டுமா அலையிறதுல கடலுக்குப் போவ எங்க நேரம்?”