லாபத்துக்கு ஒற்றைச் சக்கரம்

பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஆறு மணி பன்னிரண்டு நிமிடம். வானத்தில் மேகம் இல்லை. கிழக்கிலிருந்து லேசான காற்று. அந்த நிமிடத்தில்தான் தஞ்சாவூருக்கு வெளியே ஓர் அரிசி ஆலையின் சிமெண்ட் களத்தில், பெருங்கூட்டத்துக்கு முன்னால், நான் ஒரு நெல் அம்பாரத்துக்குள் தலைகீழாகப் போய் விழுந்தேன். (தலைகீழ் என்பது என் மனைவி சரோஜா சேர்த்தது. நான் சாய்வாகத்தான் போனேன்.) பெருங்கூட்டம் என்றால் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. அது ஏன் தெரியாமல் போனது என்பதுதான் விஷயமே.

இது நடந்து மூன்று வருடமாகிறது. அப்போது எனக்கு அறுபத்தெட்டு வயது. இப்போது யோசித்தால் விவரம் பத்தாத வயசு.

நெல் கொள்முதல் நிலையத்தில் முப்பத்தோரு வருடம் மூட்டை எண்ணியவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் வாய் நிற்கவில்லை. கோயிலுக்குப் போனால் தூண், பஸ்ஸில் போனால் பாலம், கல்யாண வீட்டில் இலை. சமையலறையில் நான் தாளிப்புச் சட்டிக்குள் எட்டிப் பார்த்தால் சரோஜா, "கடுகையாவது விடுங்களேன்" என்பாள்.

இந்தக் குணத்தை நம்பித்தான் ஜமால் பாய் என்னை அனுப்பினார். பாய்க்கு இரும்புச் சாமான் கடை. தினமும் சாயங்காலம் அவர் கடையில் எனக்கு ஒரு ஸ்டூல், ஒரு டீ. அவருடைய ஒரே மகன் ரியாஸ் துபாயில் நல்ல வேலையில் இருந்தவன், அதற்கு ஒரு வருடத்துக்கு முன்னால் திரும்பி வந்திருந்தான். வரும்போது எல்லோரும் டிவி கொண்டு வருவார்கள். இவன் ஒற்றைச் சக்கர சைக்கிள் கொண்டு வந்தான். ஹேண்டில் பார் கிடையாது, பிரேக் கிடையாது. ஒரு சக்கரம், அதன் மேல் ஒரு சீட்டு, அவ்வளவுதான்.

"மீதியை ஏர்போர்ட்லயே விட்டுட்டு வந்துட்டான் போலன்னு நெனச்சேன் சார்" என்றார் பாய். "கேட்டா, இதுதான் முழுசுங்கிறான்."

அதில் ஏறிக்கொண்டு நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராக நகைச்சுவை நாடகம் போடுகிறான். அதுவும் வசனம் எழுதாத நாடகம். கூட்டத்தில் யாராவது ஒரு வார்த்தை சொன்னால் அதை வைத்து அங்கேயே கட்டிப் பேச வேண்டும், சக்கரத்தை விட்டு இறங்காமல்.

பாய் துபாய்க்குத் திரும்ப விசா வாங்கி, வியாழக்கிழமைக்கு டிக்கெட்டும் போட்டுவிட்டார். பையன் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னானாம்: "அத்தா, ஒரு தடவை வந்து பாருங்க. பாத்துட்டு போன்னு சொன்னா போறேன்."

"நான் போக மாட்டேன்" என்றார் பாய். "பெத்த புள்ள கீழ விழுறதை டிக்கெட் வாங்கிப் பாக்கணுமா? நீங்க போங்க. எத்தனை பேர் வந்தாங்க, எவ்வளவு வசூல், எல்லாத்தையும் கணக்கா பாத்துட்டு வந்து சொல்லுங்க. இதுல பொழப்பு உண்டுன்னு நீங்க சொன்னா உண்டு, இல்லைன்னா இல்லை."

ஒருத்தன் வாழ்க்கையை என் கையில் கொடுத்துவிட்டு அவர் ஆணி நிறுக்கப் போய்விட்டார்.

ரியாஸுக்கு என்னைத் தெரியும் என்பதால் குரங்குக் குல்லா மாட்டிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். முன்யோசனையாக ஒரு குடையும் எடுத்துப் போனேன். (மேகமே இல்லை என்றேனே. என் யோசனையின் தரம் அது.) நாற்காலி நூற்று நாற்பது, குழல் விளக்கு பதினாறு. அறுவடையில் மழை பிடித்த நெல்லை அங்கே காயப் போட்டு, சாயங்காலம் குவித்து, களத்தின் ஓரத்தில் அம்பாரமாக விட்டிருந்தார்கள்.

ஐந்து பேர் ஒற்றைச் சக்கரத்தில் உருண்டு வந்தார்கள். சேலைக்கு ஃபால்ஸ் தைக்கும் செல்வி என்ற பெண்ணும் அதில் ஒருத்தி. ரியாஸ் முன்னால் வந்து, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே, "எங்களுக்கு ஒரே ஒரு சட்டம்தாங்க" என்றான். "யார் என்ன சொன்னாலும் இல்லைன்னு சொல்ல மாட்டோம். ஆமான்னு வாங்கிக்கிட்டு மேல ஒண்ணு சேர்ப்போம். இப்ப யாராவது ஒரு வேலை சொல்லுங்க, அதை ஆடுறோம்."

எனக்குப் பக்கத்திலிருந்த விவசாயி திரும்பி என் குல்லாவுக்குள் உற்றுப் பார்த்தார்.

"நீங்க கொள்முதல் சார்தானே?"

"இல்லை" என்றேன்.

"இந்த இல்லையை நான் எங்கயும் கண்டுபிடிச்சுருவேன்" என்று அவர் எழுந்து நின்று கூவினார். "தம்பி, நெல்லு எண்ணுற வேலை. எண்ணுறவரே இங்க இருக்காரு. ரெண்டு தடவை என் மூட்டையை ஈரப்பதம்னு திருப்பி அனுப்பிச்ச மகராசன்."

கூட்டம் கைதட்டியது. எந்த நெல்லைத் திருப்பினேன் என்று ஒவ்வொருவரும் ஞாபகப்படுத்திக்கொள்வது போலிருந்தது. இரண்டு பேர் என்னைக் கைத்தாங்கலாகக் களத்துக்கு நடுவே கொண்டு போய் நிறுத்தினார்கள். குல்லாவைக் கழற்றியதும் ரியாஸின் சக்கரம் ஒரு கணம் நடுங்கியது.

"மாமா, அத்தா அனுப்புனாங்களா?" என்றான் மெதுவாக.

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன்."

"வியாழக்கிழமை டிக்கெட் மாமா" என்றான். உடனே முகத்தை மாற்றிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாக, "ஐயா நெல்லு அளக்கப் போறாரு. நாங்க அஞ்சு பேரும் மூட்டை. ஐயா எண்ண எண்ண நம்பர் வரிசைப்படி கிளம்புவோம்" என்றான்.

சுவரைப் பிடித்தபடி ஐந்து பேரும் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள், ரியாஸ் முதலில். ஆலைக் காவலாளி எங்கிருந்தோ நெல் அளக்கும் பழைய மரக்கால் ஒன்றைக் கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். அங்கேதான் வினை. வெறுங்கையோடு எண்ணச் சொல்லியிருந்தால் நானும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒன்று, இரண்டு என்றிருப்பேன். நெல்லின் முன்னால் மரக்காலோடு நின்றால் இந்த வட்டாரத்தில் யாரும் ஒன்று என்று ஆரம்பிப்பதில்லை. முதல் அளவுக்குப் பெயர் லாபம். அதற்குப் பிறகுதான் இரண்டு.

நெல்லை முகந்தேன். "லாபம்" என்றேன்.

ரியாஸ் காத்திருந்தான். அவன் இரும்புக்கடைக்காரர் மகன். ஆணிக்கு லாபம் சொல்லி எண்ணுவதில்லை.

"ரெண்டு" என்றேன்.

இரண்டாமவன் கிளம்பி நேராக ரியாஸின் முதுகில் மோதினான். நிறுத்தியிருக்கலாம். ஆனால் அளக்கும்போது எண்ணிக்கையை நடுவில் நிறுத்தக் கூடாது என்று ஊறிப்போன புத்தி. "மூணு." மூன்றாமவன் ஒதுங்கப் பார்த்துச் சறுக்கினான். சிந்திய நெல் சக்கரத்துக்கு அடியில் மணல் மாதிரி உருண்டது. "நாலு." அவன் நேராக அம்பாரத்துக்குள். "அஞ்சு" என்றதும் செல்வி வந்தாள். விழாமல் இருக்க அவளுக்குக் கிடைத்த ஒரே பிடிமானம் என் தோள்.

பிரேக் இல்லாத வண்டி என்று முதலிலேயே சொன்னேன். அவள் உருள, நான் ஓட, களத்தைச் சுற்றினோம். ஒரு கையில் மரக்கால், மறு கையில் குடை, வாய் மட்டும் தன்பாட்டுக்கு "ஆறு, ஏழு, எட்டு." பின்னாலிருந்து அவள், "ஐயா, எண்ணுறதை நிறுத்துங்க, நீங்க எண்ண எண்ண எனக்குக் கால் ஓடுது" என்றாள். பதினொன்றில் அம்பாரம் வந்தது.

மூக்கில் நெல், மூக்குக்கண்ணாடியைக் காணோம், குடை மூன்றாக மடிந்து கிடந்தது. விவசாயியின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. "ஐயா, ஈரம் இருக்கான்னு பாத்துட்டு உக்காருங்க."

சரி, பையன் வியாழக்கிழமை துபாய்க்குப் போக வேண்டியதுதான், நான்தான் அனுப்பி வைத்தவன் என்று நினைத்தேன். எழுந்திருக்கவும் மனமில்லை.

அப்போது ரியாஸ் தனியாகச் சக்கரத்தில் ஏறி, கைகளை விரித்தபடி என் முன்னால் வந்தான். "ஐயா, எல்லாருக்கும் நம்பர் குடுத்தீங்க. எனக்கு மட்டும் குடுக்கலையே. நான் யாரு?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நீதாண்டா லாபம். நெல்லுக்கு யாராவது ஒண்ணுன்னு எண்ணுவாங்களா? உன்னைத்தானே மொதல்ல கூப்பிட்டேன்?"

ஒரு விநாடி யோசித்திருப்பான். "ஆமா" என்றான். "நான் லாபம்." உடனே சக்கரத்தை மிதித்து ராஜநடையாக ஒரு சுற்று வந்தான்.

அம்பாரத்திலிருந்து தலையெல்லாம் நெல்லோடு ஒருவன் எழுந்து சக்கரத்தில் ஏறினான். "நான் டீசல்" என்று லாபத்தைத் துரத்தினான். அடுத்தவன், "நான் உரம்." அதற்கடுத்தவன், "நான் அறுவடை மெஷின் வாடகை. எனக்கு மணிக்கணக்கு." கடைசியில் செல்வி நிதானமாக வந்தாள். "நான் நகைக்கடன் வட்டி. எனக்கு அவசரம் இல்லை. எனக்குத் தூக்கமும் இல்லை."

இவர்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. நெல்லுக்குள் தட்டுப்பட்ட உடைந்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு நான் கீழே உட்கார்ந்து பக்கத்திலிருந்து பார்த்தேன். ஒருவருக்கொருவர் கண்ணால்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. ஒருத்தன் வாயிலிருந்து விழுந்த வார்த்தையை அடுத்தவன் தரையில் படும் முன் எடுத்துக்கொண்டான். ரியாஸ் பின்பக்கமாக ஓட்டினான், நடுவில் நின்ற இடத்திலேயே ஆடினான், இரண்டு சக்கரங்களுக்கு இடையே முழங்கை அளவு இடத்தில் நுழைந்து போனான். "நிக்கலாமுன்னா விழுந்துருவேன். ஓடலாமுன்னா இவங்க விட மாட்டேங்கிறாங்க" என்றான். கூட்டத்தில் சிரிப்பு நின்று, பிறகு முன்பைவிடப் பெரிதாக வந்தது. அந்த விவசாயி எழுந்து நின்று, "தாயி வட்டி, இந்த ஒரு வருஷம் அவனை விட்டுரும்மா" என்று செல்வியிடம் நிஜமாகவே கெஞ்சினார்.

லாபம் கடைசியில் மூச்சிரைக்க என்னிடம் வந்தது. "ஐயா, என்னைக் கொஞ்சம் உங்க மூட்டைக்குள்ள ஒளிச்சு வைங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வாயில் முப்பத்தோரு வருடமாக ஒரே பதில்தான் இருக்கிறது. "ஈரப்பதம் அதிகம். எடுக்க முடியாது" என்றேன்.

களம் அதிர்ந்தது. ரியாஸ் தலையை ஆட்டினான். "ஆமாங்கய்யா, ஈரம்தான். ஓடி ஓடி வேர்த்துப் போச்சு." என் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, மரியாதையாகத் திருப்பி வைத்துவிட்டு மறுபடி ஓடினான். என் 'இல்லை'யை 'ஆமா' என்று வாங்கிக்கொண்டவனை அன்றுதான் பார்த்தேன். அதற்குப் பிறகு நான் சிரித்த வாயை மூடவில்லை என்று சொல்கிறார்கள். எப்போது முடிந்தது என்றும் எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை கடைக்குப் போனேன். பாய் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"எத்தனை பேர் வந்தாங்க?"

யோசித்தேன். "தெரியல பாய்."

"வசூல்?"

"தெரியல."

பாய் போல்ட் டப்பாவுக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கேட்டார். "எத்தனை தடவை விழுந்தான்?"

"அவன் விழல பாய். விழுந்தது நான்."

அவர் கை நின்றது. உடைந்த கண்ணாடியோடு உட்கார்ந்திருந்த என்னை நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்கே எண்ண மறந்து போச்சா?" என்றார். நான் தலையாட்டினேன். பாய் போனை எடுத்து டிராவல்ஸ்காரரைக் கூப்பிட்டார். "வியாழக்கிழமை டிக்கெட் ஒண்ணு இருக்குல்ல, அதை ரத்து பண்ணா எவ்வளவு பிடிப்பீங்க?"

ரியாஸின் குழு இப்போது வேறு மாவட்டங்களுக்கும் போகிறது. பாயும் போகிறார், கடைசி வரிசையில், கண்ணை மூடிக்கொண்டு. எங்கள் வீட்டில் சரோஜா எனக்கு இட்லி வைக்கும்போதெல்லாம் "லாபம், ரெண்டு, மூணு" என்கிறாள். நாலாவது கேட்டால் ஈரப்பதம் அதிகமாம்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடிக்கு ஃப்ரேம் எண்ணூற்று ஐம்பது. குடை இருநூற்று அறுபது. முழங்காலுக்குத் தைலம் நூற்றிருபது. டிக்கெட் ரத்துக்குப் பிடித்ததில் பாதி, "உங்க பேச்சைக் கேட்டுத்தானே ரத்து பண்ணேன்" என்று பாய் என் தலையில் கட்டியது, மூவாயிரத்து இருநூற்று எழுபத்தைந்து. களத்தில் வசூல் வாளி சுற்றி வந்தபோது பையில் இருந்ததை எண்ணாமல் போட்டேன், அதைச் சேர்க்க வழியில்லை. அது போக மொத்தம் நாலாயிரத்து ஐந்நூற்று ஐந்து ரூபாய்.